ஆவுளியாவுக்கு ரெண்டு சாட்சி

என் பிடரியில் மாட்டுக்கயிற்று வாசனை. காலையில் தலைக்குக் குளித்தேன். போகவில்லை.

பைனாகுலரின் வார் அறுந்துபோனபோது உன் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கன்றுக்கயிற்றை எடுத்துவந்து கட்டினாயே, அந்தக் கயிறு. வைக்கோலும் சாணமும் ஈரமும் கலந்த வாசனை. கடல் உப்பு ஏறியும் மாறாதது. நேற்று முழுக்க அது என் கழுத்திலும் உன் அம்மாவின் கழுத்திலுமாக மாறிக்கொண்டிருந்தது.

ஆமாம். உன் அம்மாவின் கழுத்தில். மணமேல்குடிக்குக் கிழக்கே, நம் கரையில்.

நீ நம்பமாட்டாய். நம்புவது வேறு, பார்ப்பது வேறு என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தார்.

"ஆத்தா, அந்தத் தூரத்துக் கண்ணாடி இங்கிட்டுத்தான் கெடக்கு. ஒன்கிட்டயே குடுத்துர்றேன். சும்மா கெடந்து பூசணம் புடிக்குது."

"நான் பொன்னமராவதி வந்து வாங்கிக்கிறேம்மா."

"நீ வர வேணாம். நான் வாரேன். அங்கயே போயிருவோம்."

"எங்கம்மா?"

"அவ போவாள்ல. அங்க."

உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்தில் ஒரு முழுக்கு. அவ்வளவுதான். நீ சனிக்கிழமை தவறாமல் அறந்தாங்கி பஸ் ஏறியதை அவர் ஒரு நோய் மாதிரிதான் பேசினார். படிச்ச புள்ள, வெயில்ல போயி தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கிது. என்னிடமே சொல்லியிருக்கிறார். நான்தான் உன்னைக் கெடுக்கிறேன் என்ற குரலில். என்னை இழுத்துக்கொண்டு போனதே நீ என்று நான் திருத்தியதில்லை.

முந்தின நாள் மாலையே புதுக்கோட்டைக்கு வந்துவிட்டார். என் அறையில் பாயை விரித்துப் படுத்தார். விளக்கை அணைத்தபின் ஒரே ஒரு கேள்வி. "அது கடிக்குமா?"

"புல்லுதாம்மா தின்னும்."

"அப்ப சரி."

*

நாம் முதல்முறை போனதை நினைக்கிறேன். நீ விலங்கியல். நான் இலக்கியம். விடுதியில் ஒரே அறை என்பதைத் தவிர நமக்குள் பொதுவாக ஒன்றுமில்லை. நீ திமிங்கலம் பார்க்கவேண்டும் என்றாய். கரையில் நின்றே. வலசை போகும் திமிங்கலங்களை மக்கள் கரையில் நின்று பார்க்கும் ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன, நமக்கும்தான் கடல் இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, ஏன் பார்க்கக் கூடாது என்றாய். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அது முட்டாள்தனமானது என்று தெரிய எனக்கு விலங்கியல் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாய்.

அன்று காலை கடல் தகடு மாதிரி கிடந்தது. சேறும் மணலும் கலந்த கரை. கரையொதுங்கிய கடல்புல் அழுகிக் குவியலாக. உள்ளான் குருவிகள் அலைக்கு முன்னால் ஓடி, அலைக்குப் பின்னால் ஓடி. வடக்கே எங்கோ பனி உறைந்த நிலத்திலிருந்து வருகின்றன என்றாய், கைப்பிடி அளவு இருக்கும் இவை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்போதுதான் தூரத்தில் கருப்பாக, நீளமாக, மெல்லப் புரண்டு ஒன்று.

நாம் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். திமிங்கலம், திமிங்கலம்.

கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். வலை உலர்த்தியவர்கள், மீன் அலசியவர்கள், பல் துலக்கியவர்கள். ஒரு படகு திரும்பியேவிட்டது. அதிலிருந்தவர் கொக்கியை நீட்டி அந்தத் திமிங்கலத்தை இழுத்துப் படகில் போட்டுக்கொண்டு வந்தார். கிழிந்த தார்ப்பாய். உள்ளே காற்றுப் புகுந்து ஊதியிருந்தது.

கரைக்கு வந்து நம் முன்னால் அதை விரித்துப் போட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"எந்த ஊரு தங்கச்சி?"

"புதுக்கோட்டைண்ணே."

"அதான். இங்க ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவுதான் தண்ணி. திமிங்கலம் வரணும்னா தவந்துதான் வரணும்."

அன்றிலிருந்து அந்தக் கரையில் நமக்கு அதுதான் பெயர். திமிங்கலப் புள்ளைங்க. டீக்கடையில்கூட. திமிங்கலத்துக்கு ரெண்டு டீ, சக்கரை கம்மி.

திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். இல்லை. நீ விதி செய்துகொண்டிருந்தாய்.

"இனிமே கத்துறதில்ல. விரல் நீட்டுறதில்ல. ஒருத்தி பாத்தா அடுத்தவளுக்கு எடம் சொல்லணும். அவளும் பாக்கணும். அதே பொருள, அதே நேரத்துல. ரெண்டு பேரு பாத்தாத்தான் கணக்கு."

"ஒருத்தி மட்டும் பாத்தா?"

"பாத்தா. அவ்வளவுதான். கணக்குல சேராது."

எங்கேயும் எழுதிவைக்கிற கணக்கு இல்லை அது. நாம் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வதுதான். ஆனால் எப்படி நடத்தினோம். கையை முழுக்க நீட்டி விரல்களைப் படுக்கவைத்து அளப்போம். பச்சைப் படகு, அதன் மூக்கிலிருந்து வலது பக்கம் மூன்று விரற்கடை. ஊன்றிய கம்பு, கம்புக்கு இடது பக்கம் ஒரு விரற்கடை, கொஞ்சம் கீழே. அப்படித்தான் ஆமையின் தலை கணக்கில் வந்தது. தலைகுப்புற விழுந்து மீனோடு எழும் ஆலாப் பறவை வந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் தொடுவானமே இளஞ்சிவப்பாகத் தெரிந்து, அது பூநாரைக் கூட்டம் என்று புரிந்தபோது நாம் இருவரும் விதியை மறக்காமல், கத்தாமல், ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டு நின்றோம். என் மோதிரத்தின் தடம் உன் விரலில் பதிந்துவிட்டது.

திமிங்கலம் இலங்கைக்கு அங்கிட்டு போகுது, நமக்கு வாய்ச்சது ஆவுளியாதான் என்று நீ சொன்னது அந்த நாள்களில்தான். கடல்பசு. இந்தக் கரையில் ஆவுளியா என்கிறார்கள். அடியில் புல் மேயும். மூச்சுக்கு மட்டும் மேலே வரும். வந்தாலும் மூக்கு மட்டும். அதுவும் ஒரு நொடி. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தாய். அதற்குப் பின் நமக்குச் சனிக்கிழமை என்பதே அதுதான்.

நான் சொன்னேன், தண்ணீருக்கு அடியில் மேய்கிற ஒன்றைக் கரையில் நின்று பார்ப்பதே ஒரு நல்ல கவிதை.

நீ சொன்னாய், "நீ பாக்குறதுக்கு முன்னாடியே வாக்கியத்த எழுதிர்ற."

*

பிறகு அந்தக் காலை. நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்களோடு சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்தால், நீ சேற்றில் நிற்கிறாய். ஒரு காலில் செருப்பு இல்லை. முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவ்வளவு பிரகாசம்.

"வந்துச்சு."

"எங்க?"

"போயிருச்சு."

டீயைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். வெயில் ஏறும்வரை நின்றோம். டீயில் ஈ விழுந்தது. ஆவுளியா மறுபடி வரவில்லை.

"நான் நம்புறேன்" என்றேன்.

"நீ நம்புறது எனக்கு வேணாம்டி. கணக்குல சேராது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு பிடிவாதம் இருந்தது. நான் எவ்வளவு சொல்லியும் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்னொரு நாள் வரும், ரெண்டு பேரும் பாப்போம், அப்பச் சேர்த்துக்குவோம் என்றாய். அந்த இன்னொரு நாளுக்குள் மழைக்காலம் வந்துவிட்டது. காய்ச்சலென்று ஊருக்குப் போனாய். ஊரிலிருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

அதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. இது நேற்றைப் பற்றிய கடிதம்.

*

நேற்று, முதல் பஸ். உன் அம்மா மடியில் தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. கழுத்தில் பைனாகுலர். வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்திருந்தார், பையில் வைத்தால் நசுங்கிவிடுமாம். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அறந்தாங்கி தாண்டியதும் என்னிடம் சாய்ந்தார்.

"அன்னைக்கு ஊருக்கு வந்தவ சோறு திங்காம பேசிக்கிட்டே இருந்தா. அதப் பாத்துட்டேம்மா பாத்துட்டேம்மான்னு. சரி புள்ள, அதான் பாத்துட்டேல்ல, இனி வீட்டோட கெடன்னேன். இல்லம்மா, ரெண்டு பேரு பாக்கணும், நான் ஒருத்திதான் பாத்தேன், சேராதுன்னா. அப்படித்தானா?"

"ஆமாம்மா. அப்படித்தான்."

"அவ பாத்தத வேற யாரும் பாக்கலயா?"

"இல்லம்மா. நான் டீ வாங்கப் போயிட்டேன்."

பைனாகுலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் பாக்குறேன்" என்றார். "அவ ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு ஆச்சுல்ல? அதச் சேத்துரு. எம் மக பாத்தது சேராமக் கெடக்கக் கூடாது."

விதி அப்படி இல்லை. அதே பொருளை, அதே நேரத்தில். உனக்கும் எனக்கும் தெரியும். பைனாகுலரைக் கொடுப்பதற்காக அல்ல, சாட்சி சொல்வதற்காக வருகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே ஒரு காலை வேளையில் அது வரவேண்டும். நாம் எத்தனையோ சனிக்கிழமைகள் நின்றும் என் கண்ணில் படாதது. மாலையில் பால் கறக்க அவர் வீட்டில் இருக்கவேண்டும், மதிய பஸ்ஸை விட்டால் முடியாது.

*

கரை அப்படியே இருக்கிறது. நீ பார்க்க வேண்டும். காற்றில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

தார்ப்பாய் அண்ணன் தன் படகு நிழலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"என்ன தங்கச்சி, ரொம்ப நாளா ஆளக் காணோம். எங்க இன்னொரு திமிங்கலம்?"

அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. யார் சொல்லியிருப்பார்கள். நான் நின்றுவிட்டேன்.

உன் அம்மா பதில் சொன்னார். வரப்பில் நின்று யாருக்கோ வழி சொல்கிற மாதிரி, சத்தமாக, நேராக.

"அது எம் மகதாம்ப்பா. அவ இல்ல. காய்ச்சல்ல போயிட்டா. அதான் நான் வந்திருக்கேன்."

அண்ணன் அசையவில்லை. ஒரு நண்டு அவர் கட்டைவிரலைக் கவ்விப் பிடித்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. உன் அம்மாதான் சொன்னார், "கையப் பாரு, கையப் பாரு."

உனக்குப் பிடித்த இடத்தில் நின்றோம். ஊன்றிய கம்புகள் இருந்தன, ஒன்று சாய்ந்திருந்தது. பச்சைப் படகுக்கு நீலம் அடித்துவிட்டார்கள். நான் விதிகளைச் சொன்னேன். கத்தக் கூடாது. விரல் நீட்டக் கூடாது. இடம் சொல்லவேண்டும். உன் அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், ஆஸ்பத்திரியில் மாத்திரை நேரம் கேட்டுக்கொண்ட அதே கவனத்தோடு.

முதலில் உள்ளான்கள். அவருக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. "என்ன இது, ஒரு எடத்துல நிக்காம." ஆலா விழுந்து எழுந்தபோது மட்டும், "அடி ஆத்தி" என்றார், மெதுவாக. பைனாகுலரை மூடியைக் கழற்றாமலே கண்ணில் வைத்துக்கொண்டு, ஒண்ணுமே தெரியல ஆத்தா, இருட்டா இருக்கு என்றார். மூடியைக் கழற்றினேன். கயிற்றை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த வாசனை. ஒரு நிமிடம் நீ பக்கத்தில் நின்றாய்.

அப்போது வந்தது.

சாய்ந்த கம்புக்கு வலது பக்கம். தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் வழவழப்பானது, எண்ணெய் சொட்டியது போல. அதன் நடுவில் இரண்டு துளைகள் திறந்தன. மூச்சு. சத்தம்கூட வந்தது என்று நினைக்கிறேன். பிறகு பழுப்பாக ஒரு முதுகுக் கீற்று. பிறகு தண்ணீர்.

எந்த வாக்கியமும் வரவில்லை. நீ இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல்கூட வரவில்லை எனக்கு.

"சாஞ்ச கம்பு" என்றேன். "வலது பக்கம் ரெண்டு விரக்கடைம்மா."

"எங்க? எந்தக் கம்பு? எல்லாக் கம்பும் சாஞ்சுதான் இருக்கு."

போய்விட்டது. உன் அம்மா என்னைப் பார்த்தார். "பாத்தியா?"

"பாத்தேன்."

"நெசமா?"

"நெசமாம்மா."

"அப்ப இன்னும் வரும். மூச்சு விட வரத்தான் வேணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பைனாகுலர் வேண்டாம் என்றார். வெறும் கண். எதையும் குறிப்பாகப் பார்க்காமல், முழுக் கடலையும் பார்த்தபடி. இந்தப் பார்வை எனக்குத் தெரியும். நீ அப்படித்தான் உட்காருவாய். எருமை முங்கிக் கிடக்கிற கண்மாயைப் பார்க்கிற மாதிரி பார் என்பாய், எருமையைத் தேடாதே, தண்ணீரைப் பார், தண்ணீர் ஒரு இடத்தில் வேறு மாதிரி இருக்கும். எத்தனை முறை சொன்னாய். அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. சின்னப் பிள்ளையாக நீ யார் பக்கத்தில் உட்கார்ந்து எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று யோசித்ததும் இல்லை.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மூக்கு. உன் மேலுதடு.

"இந்தா" என்றார் உன் அம்மா. குரல் தாழ்ந்திருந்தது. "நீலப் படகுக்கும் கம்புக்கும் நடுவுல. நம்ம எரும மாதிரியே மூக்க விரிக்கிது. பாத்தியா?"

நான் திரும்புவதற்குள் தண்ணீர் மூடிவிட்டது. வளையம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா ஆத்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்திருப்பார். ஆனால் நீ எங்களுக்கு நடுவில் செருப்பில்லாத ஒரு காலோடு நின்றாய்.

"இல்லம்மா. நான் பாக்கல."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். நீ போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"நீ ஒண்ணு பாத்த. நான் ஒண்ணு பாத்தேன். அவ ஒண்ணு பாத்தா. மூணு பேரும் தனித்தனியா. ஒண்ணுகூடச் சேராதா?"

"சேராதும்மா."

"என்னடி கூறுகெட்ட கணக்கு இது."

ஆனால் எழுந்திருக்கவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் மதிய பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். "பால பக்கத்து வீட்டுல கறந்துக்குவாக" என்றார், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

*

நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். அண்ணன் எழுந்து வந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னம்மா, ரெண்டு பேரும் பஞ்சாயத்து மாதிரி பேசிக்கிறீங்க."

உன் அம்மா அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். விதியை. நீ தனியாகப் பார்த்ததை. அது சேராமல் கிடப்பதை. ஒரு நிலத்தகராறைச் சொல்வதுபோல, ஆதியிலிருந்து. அண்ணன் ஈரமணலில் காலால் கோடு கிழித்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்தபின்னும் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இந்தத் தங்கச்சி டீ வாங்கப் போயிருந்துச்சா?"

"ஆமாண்ணே."

"நான் இங்கதான் இருந்தேன். படகுல. அந்தா, அங்கிட்டு." கம்புகளுக்கு அப்பால் தலையசைத்தார். "ஆவுளியா எம் படகுக்கும் கரைக்கும் நடுவுல எந்திரிச்சுச்சு. நான் இந்தப் பக்கம் பாக்குறேன். ஒங்க மக அந்தப் பக்கம் பாக்குது."

"ஏண்ணே அப்பச் சொல்லல?" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது.

"எப்படிச் சொல்றது. அதப் பத்தி வெளியாளுககிட்ட நாங்க பேசுறதில்ல தங்கச்சி. எங்க பாத்த, எப்பப் பாத்த, வலையில விழுந்துச்சான்னு வனத்துறை ஆளு வந்துரும். அதுவும் போக..." கட்டைவிரல் துணியை இறுக்கிக்கொண்டார். "நீங்க திமிங்கலப் புள்ளைங்க. கேலி பண்ணிட்டுத் திடீர்னு போயி, நானும் பாத்தேம்மான்னு நிக்கச் சங்கடமா இருந்துச்சு."

உன் அம்மா எழுந்து நின்றார். அவர் முன்னால் போய் நின்றார். குள்ளமான உன் அம்மா, அந்த நெடிய மனிதரின் முன்னால், விசாரிக்கிறவர் மாதிரி.

"மனசு தேறட்டும்னு சொல்லாத. பாத்ததச் சொல்லு. எம் மக என்ன செஞ்சா?"

"ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டுக் குதிச்சுச்சும்மா. நின்ன எடத்துலயே. செருப்பு ஒண்ணு சேத்துல புதைஞ்சிருச்சு. அத எடுக்கக்கூட இல்ல. அப்புறம் நான்தான் தண்ணி வத்துனதும் எடுத்துப் படகுல போட்டு வச்சேன். அடுத்த வாட்டி வந்தாக் குடுக்கலாம்னு."

என்னைத் திரும்பிப் பார்த்தார் உன் அம்மா. நான் தலையசைத்தேன். செருப்பு. வேறு யாருக்கும் தெரியாது அது.

"வாயப் பொத்திக்கிட்டா?"

"ஆமாம்மா. ரெண்டு கையாலயும்."

"கண்ணாமூச்சி விளையாடயில நெல்லுக் குதுருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு அப்படித்தான் நிப்பா" என்றார் உன் அம்மா, யாரிடமும் இல்லாமல். "சிரிப்பு வெளிய வந்துருமாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரு. அதே பொருளு. அதே நேரம். என்ன சொல்ற?"

"சேந்துருச்சும்மா."

சொன்னதும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

உன் ஆவுளியா கணக்கில் வந்துவிட்டது. அந்தக் காலையிலேயே வந்துவிட்டது. நீ சேற்றில் குதித்துக்கொண்டிருந்தபோதே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் உன் சாட்சி துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை.

*

முடியவில்லை. இன்னும் இருக்கிறது.

புளிச்சோற்றை மூன்று பேரும் படகு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணனுக்குக் காரம் போதவில்லை. உன் அம்மாவுக்கு அது ரோசமாகிவிட்டது, எங்க ஊரு மொளகா தின்னு பாத்திருக்கியா என்று தொடங்கினார். பாதிப் பேச்சில் நிறுத்தினார். தூக்குவாளி மூடியைக் கீழே வைத்தார்.

விரல் நீட்டவில்லை. கத்தவில்லை.

"நேரா" என்றார். "படகு மூக்குக்கு நேரா. கிட்டத்துல."

பார்த்தேன். நீலப் படகின் மூக்குக்கு நேராக, மிக அருகில், நான் எறிந்தால் ஒரு கல் போய் விழும் தூரத்தில், வழவழப்பான அந்தத் தண்ணீர். மூக்கு. இரண்டு துளைகள். மூச்சு, இந்த முறை சந்தேகமே இல்லாமல் காதில் விழுந்தது, தூக்கத்தில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல. முதுகு முழுசாக ஒரு முறை உருண்டது. அதன் பக்கத்தில், முதுகோடு ஒட்டி, சின்னதாக இன்னொரு மூக்கு. சின்ன மூச்சு.

உன் அம்மாவின் கை என் கையைப் பிடித்தது. நசுக்கியது. மோதிரம் எலும்பில் இறங்கியது. நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

"கன்னுக்குட்டி" என்றார், காற்றாக.

"ஆமாம்மா."

"அது அலைம்மா" என்றார் அண்ணன். "பெருசு முங்குச்சுன்னா பக்கத்துல அப்படித்தான் ஒரு சுழி விழும். குட்டியெல்லாம் இல்ல."

"ஏம்ப்பா, மாட்டுக் கன்னு தெரியாதா எனக்கு? தாய ஒட்டிக்கிட்டுப் போறதப் பாக்கலயா நீ?"

"அலைதாம்மா."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் உன் அம்மா. என்னைக் காட்டினார். "இவ பாத்துட்டா. நான் பாத்துட்டேன். ரெண்டு பேரு. நீ பாக்காட்டிப் போ."

அண்ணன் சிரித்துவிட்டார். அன்று தார்ப்பாயை விரித்துப் போட்டபோது அடக்கிக்கொண்ட சிரிப்பும் சேர்ந்து வந்தது என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது படகின் அடியிலிருந்து உன் செருப்பை எடுத்துக் கொடுத்தார். ஒற்றை. உப்புப் பூத்து, நிறம் போய். உன் அம்மா அதைக் கடல் தண்ணீரில் அலசித் தூக்குவாளிக்குள் வைத்துக்கொண்டார்.

பைனாகுலர் என்னிடம் இல்லை. கொடுக்க வந்தவர் கொடுக்கவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பொன்னமராவதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாக, "ஆத்தா, இது எங்கிட்டயே இருக்கட்டும். அந்த மூடிய மட்டும் எப்படிக் கழட்டுறதுன்னு காமிச்சுட்டுப் போ" என்றார். காட்டினேன். பஸ் நகர்ந்தது. கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆகவே பொருளாக என்னிடம் எதுவும் இல்லை. பிடரியில் இந்த வாசனை, அதுவும் நாளை மறுநாள் போய்விடும். மோதிரத்துக்குக் கீழே ஒரு சிவந்த தடம். மற்றபடி நீ வைத்துவிட்டுப் போன ஒன்றுதான். எதைப் பார்த்தாலும் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. மொட்டைமாடியில் பருந்து வட்டமிட்டால்கூடத் தண்ணீர்த் தொட்டியின் மூலையிலிருந்து ரெண்டு விரற்கடை என்று யாரிடமாவது சொல்லப் போய்விடுகிறேன். எதிர்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் தாமாகவே கையை நீட்டி அளக்கிறார்.

உன்னுடையது ஒன்று. எங்களுடையது ஒன்று. குட்டி ஒன்று.

அண்ணன் அலை என்கிறார். சொல்லட்டும். ரெண்டு பேர் பார்த்திருக்கிறோம்.